நாலு பேர் பேச்சும் நம் வாழ்வும்: மலையூர்க்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

ஊர் போகிற போக்கில் போகாமல், தன் மனசாட்சிக்கு ஒத்தபடி படிக்க, உழைக்க, மணம் செய்துகொள்ள, கும்பிட அல்லது கும்பிடாமல் இருக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். நீலகிரியின் ஹட்டிகள் (படுகர் ஊர்கள்), தேயிலைத் தோட்ட லைன்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்), கூடலூர், பந்தலூர் பக்கத்துக் குடியிருப்புகள், பழனி மலையில் பூம்பாறை, மன்னவனூர், பண்ணைக்காடு போன்ற ஊர்கள் என எங்கும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளே இங்கே உள்ளன.

கோவையிலும் மதுரையிலும் யாரும் யாரையும் கண்டுகொள்வதில்லை. எங்கள் ஊரில் மட்டும் ஏன் இவ்வளவு நெருக்கடி?

மலையில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கின்றன. லைனில் ஒரு வீட்டில் சட்டி விழுந்தால் மூன்றாவது வீட்டில் கேட்கும். ஊருக்கு ஒரே சாலை, ஒன்றிரண்டு பேருந்து. யார் யாரோடு இறங்கினார் என்ற செய்தி அந்தப் பேருந்து திரும்புவதற்குள் டீக்கடைக்கு வந்துவிடும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நடு ராத்திரியில் பிரசவ வலி என்றால் ஜீப் எடுப்பவர், மண் சரிந்தால் மண்வெட்டியோடு வருபவர், பச்சைத் தேயிலை எடுக்கும் ஏஜென்ட், சீட்டு நடத்தும் அக்கா, பாடை தூக்கும் ஆட்கள் எல்லோரும் நம்மைப் பற்றிப் பேசும் அதே ஆட்கள்தான். ஊரோடு ஒத்துப்போவது நம் பாட்டன் பாட்டிக்குக் காப்பீடாக இருந்தது. அவர்களை அறியாதவர்கள் என்று நினைக்க வேண்டாம்.

ஆகவே முதல் வேலை, ஊர் உங்களுக்கு என்னென்ன தருகிறது என்று எழுதிப் பார்ப்பது: வண்டி, கடன், வேலை, தண்ணீர், துணை. இவற்றில் எது நின்றுபோனால் வேறு எங்கே கிடைக்கும் என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். பதில் எழுத முடியாத வரி எதுவோ, அந்த இடத்தில்தான் ஊரின் பிடி இருக்கிறது. எதிர்ப்பைத் தொடங்குவதற்கு முன் அந்த வரியை நிரப்புங்கள்.

இது என் உண்மையான விருப்பமா, வெறும் வீம்பா? எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்லுங்கள். யாரும் திட்டாமலும் யாரும் பாராட்டாமலும் இருந்தால் இதைச் செய்வேனா? இதற்காக மாதம் எவ்வளவு பணமும் எத்தனை மணி நேரமும் தரத் தயார்? இதே ஊரில் ஒரு கிழவராக அல்லது பாட்டியாக உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால், எதைச் செய்யாமல் விட்டதற்கு மனம் உறுத்தும்?

எழுதிய தாளை மடித்து வைத்துவிட்டு 3 மாதம் கழித்து, பழைய பதிலைப் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் அது உங்களுடையது. கோபத்தில் பிறந்த ஆசை பெரும்பாலும் இரண்டாவது தாளில் வேறு உருவம் எடுத்திருக்கும். காதலில் அவசரம் இருந்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள். 3 மாதம் முடியாவிட்டால் 3 வாரமாவது பொறுங்கள்.

எல்லாவற்றிலும் உறுதியாக நிற்க வேண்டாமா?

வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு, மிஞ்சினால் மூன்று விஷயங்களில் மட்டும் நில்லுங்கள். முடி, உடை, சாப்பாடு, சாமி, படிப்பு, கல்யாணம் என்று ஆறு முனையில் சண்டை போட்டால், ஊர் உங்களை ‘எதற்கெடுத்தாலும் குறுக்கே நிற்கும் ஆள்’ என்று ஒரே பெயரில் அடைத்துவிடும். பிறகு முக்கியமான பேச்சும் காதில் ஏறாது.

விட்டுக்கொடுக்கக் கூடாதவை இரண்டு உண்டு, அவை ஊருக்கு நீங்கள் செய்ய வேண்டியவை. ஒன்று, சாவு. எவ்வளவு மனத்தாங்கல் இருந்தாலும் இழவு வீட்டுக்குப் போங்கள், கடைசி வரை நில்லுங்கள். கல்யாணத்துக்கு வராதவரை மலையூர் மன்னித்துவிடும், இழவுக்கு வராதவரை மன்னிக்காது. இரண்டு, பொது வேலை. வழி செப்பனிடுவது, தண்ணீர்த் தொட்டி கழுவுவது போன்றவற்றில் உங்கள் பங்கை யாரும் சொல்வதற்கு முன்பே செய்யுங்கள்.

திருவிழா வரி கொடுக்க மனம் ஒப்பவில்லை. என்ன செய்வது?

பட்டியல் எழுதும் முன்பே பெரியவரிடம் தனியாகப் போய்ப் பேசுங்கள். சடங்குச் செலவுக்குப் பதில் சமையல், விளக்கு, வழி சீரமைப்பு என ஏதாவது ஒன்றுக்கு அதே தொகையைத் தர முன்வாருங்கள். தொகை குறையக் கூடாது. பட்டியல் படித்த பிறகு கூட்டத்தின் நடுவே மறுத்தால், நீங்கள் சாமியை மறுத்ததாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பட்டியலை வாசித்த மனிதரை அவமதித்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

உறவுக்காரர்கள் சூழ்ந்து உட்கார்ந்தால் வாய் அடைத்துப்போகிறது. தனியாக இருக்கும்போது தெளிவாக இருக்கிறேன். இது கோழைத்தனமா?

கோழைத்தனம் இல்லை. மனிதர்கள் அப்படித்தான் அமைந்திருக்கிறார்கள். 1950களில் அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் ஒரு சோதனை செய்தார். ஒரு கோட்டைக் காட்டி, மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்டார். குழந்தைக்கும் தெரியும் விடை. ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் முன்கூட்டிப் பேசிவைத்துத் தவறான விடை சொன்னார்கள். அந்த ஒருவர், ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை கூட்டத்தோடு சேர்ந்து தவறான விடையையே சொன்னார். ஒரு முறையாவது அப்படி இணங்கியவர்கள் நான்கில் மூன்று பேர்.

நமக்குப் பயன்படுவது அந்தச் சோதனையின் மீதிப் பகுதி. எதிரே மூன்று பேர் இருந்தாலே அழுத்தம் ஏறக்குறைய முழுதாக வந்துவிடுகிறது. அதற்கு மேல் ஆள் கூடினாலும் பெரிதாக ஏறுவதில்லை. அதாவது இரண்டு மாமாவும் ஒரு அத்தையும் போதும், முழு ஊர்க்கூட்டம் தேவையில்லை. அதே அறையில் சரியான விடை சொல்ல ஒரே ஒரு துணை இருந்தால், தவறுகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தன. விடையை வாயால் சொல்லாமல் எழுதித் தரச் சொன்னபோதும் இணக்கம் வெகுவாகக் குறைந்தது.

எனவே, பேச்சு நடக்கும் நாளுக்கு முன்பே உங்கள் முடிவை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையிலோ பர்ஸிலோ வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறையில் உட்காரக்கூடிய ஒரு துணையைத் தேடுங்கள். உங்கள் கட்சியில் முழுதாக நிற்பவராக இருக்க வேண்டியதில்லை. ‘அவள் சொல்றதையும் கேளுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லும் சித்தி போதும். நீங்களே முதலில் பேசுங்கள். ஐந்து பேர் சொன்ன பிறகு மறுப்பது பத்து மடங்கு கடினம்.

எந்த வார்த்தையில் சொல்வது?

குறுகச் சொல்லுங்கள், மரியாதை குறையாமல் சொல்லுங்கள், வீட்டில் பேசும் மொழியிலேயே சொல்லுங்கள். படுகர்களின் மொழியான படுகு பேசும் வீட்டில் திடீரென்று மேடைத் தமிழில் பேசினால் அதுவே அந்நியமாகப்படும். மாதிரிக்கு: “மாமா, இந்த வருஷம் எனக்குக் கல்யாணம் வேண்டாம். நர்சிங் முடிக்கணும். முடிச்சதும் நானே உங்ககிட்ட வந்து பேசறேன்.” இதில் முடிவு ஒன்று, காரணம் ஒன்று, உறவு அறுந்துபோகாமல் இருக்க ஒரு வாக்கு.

பெரும்பாலோர் சறுக்குவது இரண்டு இடத்தில். முதலாவது, காரணங்களை அடுக்குவது. ஐந்து காரணம் சொன்னால் அதில் மிகவும் மெலிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற நான்கையும் சேர்த்து விழுத்துவார்கள். இரண்டாவது, பொய்ச் சாக்கு. ‘ஜாதகம் சரியில்லை’ என்றால் வேறு ஜோசியரைப் பார்ப்பார்கள். ‘பணம் இல்லை’ என்றால் பணம் புரட்டுவார்கள். சாக்கு தீர்ந்ததும் உங்கள் கையில் மறுப்பதற்கு ஒன்றும் இருக்காது. உண்மையான காரணத்தை யாராலும் தீர்த்து வைக்க முடியாது.

மறுபடி மறுபடி கேட்டால் அதே வாக்கியத்தை அதே குரலில் சொல்லுங்கள். குரலை உயர்த்தினால் பேச்சு உங்கள் முடிவிலிருந்து உங்கள் திமிருக்கு மாறிவிடும்.

அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறார். உயிரை விடுவேன் என்கிறார்.

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். சாப்பிடாமல் படுப்பது பெரும்பாலும் பயத்தின் மொழி: நாளைக்கு அண்ணியார் முன்னால் எப்படித் தலைநிமிர்வது என்ற பயம். அன்றைக்கு விவாதம் வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள், கஞ்சி வைத்துக் கொடுங்கள், அவரோடு நீங்களும் சாப்பிடுங்கள். ஆனால் அழுகைக்கு நடுவே எந்த வாக்கும் தராதீர்கள். அன்று தந்த வாக்கை நீங்கள் மீறும்போது, முன்பு இல்லாத துரோகம் ஒன்று புதிதாக முளைக்கும்.

உயிரை விடுவேன் என்ற பேச்சை மிரட்டல் என்று தள்ளவே கூடாது. காய்கறித் தோட்டமும் தேயிலையும் உள்ள வீடுகளில் பூச்சிமருந்து கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. அன்றைக்கே அதை வீட்டிலிருந்து அகற்றி வேறொருவர் பொறுப்பில் பூட்டி வையுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மருந்து குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல் 108க்கு அழைத்து, மருந்துக் குப்பியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். இதே எண்ணம் உங்களுக்கே வந்தாலும் அதே எண்ணுக்குப் பேசுங்கள்.

கையில் எவ்வளவு பணம் இருந்தால் ‘இல்லை’ என்று சொல்ல முடியும்?

வீட்டை விட்டுப் போகாவிட்டாலும், போக முடியும் என்ற நிலை வேண்டும். எங்கள் கணக்கு: ஒரு அறைக்கான முன்பணம், 6 மாத வாடகை, 3 மாதச் சாப்பாடு. இதைச் சேர்க்க ஒன்றிரண்டு ஆண்டு ஆகலாம்.

பணத்தைவிட, அது எங்கே இருக்கிறது என்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கணக்கு உங்கள் பெயரில் இருக்கும், ஆனால் ஓடிபி அண்ணன் கைபேசிக்குப் போகும். ஏடிஎம் அட்டை அப்பாவின் பர்ஸில் இருக்கும். ஆகவே சொந்த சிம் வாங்கி, அதை ஆதாரோடும் வங்கிக் கணக்கோடும் இணையுங்கள். உறவினர் வேலை செய்யாத கிளையில், இருப்புத் தொகை தேவைப்படாத கணக்காகத் திறக்கலாம். தோட்டத்தில் வேலை செய்பவர்கள் பி.எஃப். கணக்கிலும் தங்கள் கைபேசி எண்ணே இருக்கிறதா என்று பாருங்கள்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டுக் கல்லூரி சேர்ந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகையும் மாணவர் கணக்குக்கே வருகின்றன. அந்தக் கணக்கை யார் கையாள்கிறார்கள் என்பதில் கவனம் வேண்டும். சீட்டு எடுத்துவிட்டுப் பாக்கி வைக்காதீர்கள். கொள்கைக்காக நின்றவர் என்ற பெயர் போய், கடன்காரர் என்ற பெயர் நிற்கும்.

லைன் வீட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: அந்த வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை அம்மா பெயரில் என்றால், உங்கள் முடிவால் அவருடைய வேலைக்கு இடைஞ்சல் வருமா என்று முன்பே யோசியுங்கள். தோட்டத் தொழிற்சங்கத்தில் ஒருவரிடம் பேசி வைப்பது நல்லது.

சான்றிதழ்கள் எல்லாம் அப்பாவின் பெட்டியில் இருக்கின்றன.

சண்டை வருவதற்கு முன்பே, வேலை விண்ணப்பம் என்று சொல்லாமல் சொல்லி, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள்: பிறப்புச் சான்று, மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்று, சாதிச் சான்று, ஆதார். டிஜிலாக்கரில் கணக்கு தொடங்கிக் கிடைப்பதை எல்லாம் இறக்கி வையுங்கள். எல்லாவற்றிலும் முக்கியம், வயதைக் காட்டும் ஆவணம். 18 முடிந்தது என்று காட்ட முடியாதவரின் பேச்சை யாரும் கேட்பதில்லை.

சாதி மாறி அல்லது மதம் மாறித் திருமணம் செய்துகொள்ள நினைக்கிறோம். எந்தச் சட்டத்தில் செய்வது?

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். பெற்றோர் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. வழிகள் இரண்டு.

இருவரும் இந்துக்கள் என்றால் சுயமரியாதைத் திருமணம். 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தால் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்ந்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ‘உன்னை வாழ்க்கைத் துணையாக ஏற்கிறேன்’ என்று சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினால் அல்லது தாலி கட்டினால் போதும். புரோகிதர் வேண்டாம், முன்னறிவிப்பு வேண்டாம். ஊரைக் கூட்டி நடத்த வேண்டிய கட்டாயமும் இல்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பிறகு 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள்.

மலையில் பலருக்குத் தெரியாத சிக்கல் இங்கே இருக்கிறது. இந்துத் திருமணச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குத் தானாகப் பொருந்தாது. தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், பழனி மலையில் பளியர் எனப் பழங்குடிப் பட்டியலில் உள்ளவர் ஒருவர் இணையில் இருந்தால், 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமே பாதுகாப்பான வழி. மதம் மாறி மணப்பவர்களுக்கும் இதுவே.

இந்தச் சட்டத்தில், இருவரில் ஒருவராவது குறைந்தது 30 நாள் வசித்த மாவட்டத்தில் அறிவிப்பு தர வேண்டும். அது 30 நாள் அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம், ஆனால் வயது, ஏற்கெனவே உள்ள திருமணம், மனநிலை, விலக்கப்பட்ட உறவுமுறை ஆகியவையே காரணமாக முடியும். சாதியோ குடும்ப மானமோ காரணம் ஆகாது. அறிவிப்பு தந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் மூன்று சாட்சிகளோடு மணம் முடிக்க வேண்டும், தவறினால் மறுபடி அறிவிப்பு.

எங்கே கோணல் ஆகிறது என்றால், ‘கோயம்புத்தூரில் அறிவிப்பு கொடுத்தால் ஊருக்குத் தெரியாது’ என்ற நம்பிக்கையில். நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் அறிவிப்பின் நகல் அந்த மாவட்ட அலுவலகத்துக்கும் போய் அங்கேயும் ஒட்டப்படும். குன்னூரிலோ கொடைக்கானலிலோ அந்தப் பலகையைப் பார்க்க ஒரு தரகர் போதும். எனவே அந்த 30 நாளும் எங்கே தங்குவது என்பதை அறிவிப்புக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

‘பெண்ணைக் காணவில்லை’ என்று புகார் கொடுத்துவிட்டால்?

கொடுப்பார்கள் என்றே எடுத்துக்கொண்டு தயாராக இருங்கள். ‘எனக்கு இத்தனை வயது, என் விருப்பப்படி வெளியேறியிருக்கிறேன், யாரும் கடத்தவில்லை’ என்று எழுதி, தேதியிட்டு, கையெழுத்திட்டு, வயதுச் சான்றின் நகலோடு காவல் நிலையத்துக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து நகை எடுத்துச் செல்லாதீர்கள், உங்களுடையதாகவே இருந்தாலும். திருட்டுப் புகாருக்கு அதுதான் வழி திறக்கும்.

ஆட்கொணர்வு மனு (ஆளை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் மனு) போட்டால், நீலகிரிக்காரர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம், திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள கொடைக்கானல்காரர்களுக்கு அதன் மதுரைக் கிளை. அங்கே எடுபடுவது நீங்களே சொல்லும் வாக்குமூலம். 2018இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவரின் திருமணத்தில் ஊரோ சாதிக் கூட்டமோ தலையிடுவது சட்டவிரோதம் என்றும், ஒவ்வொரு மாவட்டத்திலும் இத்தகைய இணையருக்குச் சிறப்புப் பிரிவு வேண்டும் என்றும் ஆணையிட்டது. கண்காணிப்பாளர் அலுவலகத்தில் இந்தத் தீர்ப்பின் பெயரைச் சொல்லியே பாதுகாப்பு கேளுங்கள். ஒரே பாலின இணையர் மீது இப்படிப் புகார் வந்தால், வயது வந்தவர்கள் விருப்பத்தோடு இருப்பது தெரிந்ததும் தொல்லை தராமல் புகாரை முடிக்க வேண்டும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. அழைக்க வேண்டிய எண்கள்: பெண்களுக்கு 181, சட்ட உதவிக்கு 15100.

ஊர்க்கூட்டம் தண்டம் போட்டது. பேசக்கூடாது என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

தண்டம் விதிக்க எந்த ஊர்க்கூட்டத்துக்கும் அதிகாரம் இல்லை. பணம் கட்டாதீர்கள், மன்னிப்புக் கடிதம், வெற்றுத்தாள் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அன்றிரவே யார் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள், எத்தனை மணி என்று எழுதிவையுங்கள்.

பிறகு ‘ஒதுக்கிவிட்டார்கள்’ என்று மொத்தமாகப் புகார் எழுதாமல், எது மறுக்கப்பட்டது என்று துண்டு துண்டாகப் பிரியுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். ரேஷன் என்றால் வட்ட வழங்கல் அலுவலர். பாதை, சுடுகாடு என்றால் வட்டாட்சியர். மிரட்டல் என்றால் காவல் நிலையம். மொத்தப் புகாரை ‘ஊர் விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்று திருப்பிவிடலாம். ‘இந்தத் தேதி முதல் எங்கள் வீட்டுக்குக் குழாய் அடைக்கப்பட்டது’ என்ற வரியை அப்படித் திருப்ப முடியாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது மற்றவர்கள் நடத்தும் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம்.

திங்கட்கிழமை ஊட்டியிலும் திண்டுக்கல்லிலும் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். கொடைக்கானல் மேல்மலைக் கிராமத்திலிருந்து திண்டுக்கல் போய்வர ஒரு நாள் கூலி போகும். அதனால் முதலில் கொடைக்கானல் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

நகரத்துக் கல்லூரியில் என் மொழியையும் ஊரையும் மறைத்தே பழகிவிட்டேன். இதுவும் அதே பிரச்சினையா?

அதே பிரச்சினைதான், திசை மட்டும் வேறு. லைனில் பிறந்தவர் ‘ஊட்டி’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வதும், இருளர் வீட்டுப் பிள்ளை போனில் அம்மாவோடு தமிழில் மட்டும் பேசுவதும் நாளடைவில் மனதை அரிக்கும். மறைப்பு நீண்டால் அதைக் காப்பதே தனி வேலையாகிவிடும். சேர்ந்த முதல் வாரத்திலேயே ஊர்ப் பெயரை முழுதாகச் சொல்லிவிடுங்கள். மறைத்துவிட்டவர்கள் ஒரே ஒரு நண்பரிடம் தொடங்கலாம். விடுதி அறையில் எல்லோர் முன்னாலும் தாய்மொழியில் போன் பேசுவது இதற்கு நல்ல பயிற்சி.

பள்ளிச் சான்றில் சாதி, மதம் இல்லாமல் விட முடியுமா?

தமிழ்நாட்டில் சேர்க்கையின்போது அந்த இடங்களைக் காலியாக விடப் பெற்றோருக்கு உரிமை உண்டு. திருப்பத்தூர் வழக்கறிஞர் ம.ஆ. சிநேகா 2019இல் சாதி மதமற்றவர் என்ற சான்றே பெற்றார். ஆனால் சாதிச் சான்று இல்லாமல் இட ஒதுக்கீடு கிடையாது. தலைமுறையாகத் தட்டிப்பறிக்கப்பட்டதை ஈடு செய்ய வந்த உரிமை அது. பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்காக இந்த முடிவை எடுக்கும் முன் பலமுறை யோசியுங்கள். அவர்கள் 18 வயதில் தாங்களே முடிவு செய்யலாம்.

ஊரிலேயே இருப்பதா, இறங்கிவிடுவதா?

அடி, மிரட்டல், அடைத்துவைப்பு என்றால் உடனே இறங்குங்கள். மற்றபடி, ஊரில் உங்களோடு சகஜமாகப் பேசும் வீடுகள் மூன்று இருக்கின்றனவா, வருமானம் ஊரார் கையில் இல்லாமல் வருகிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் இருந்து பார்க்கலாம். முதல் ஓராண்டுதான் கடினம், அடுத்த திருவிழாவுக்குள் ஊருக்கு வேறு பேச்சு கிடைத்திருக்கும்.

போவதென்றால் மழை மாதங்களில் நாள் குறிக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேட்டுப்பாளையம் பாதையும் வத்தலக்குண்டு பாதையும் மண்சரிவால் அடைபடலாம். கடைசிப் பேருந்தை நம்பாமல் காலைப் பேருந்தில் இறங்குங்கள்.

நின்றது தவறு என்று பிறகு தோன்றினால்?

மாற்றிக்கொள்ளுங்கள். படிப்பு பிடிக்கவில்லை, வேலை ஒத்துவரவில்லை, விட்ட சாமியை மறுபடி கும்பிடத் தோன்றுகிறது, எதுவானாலும் சரி. முதலில் உங்கள் பக்கம் நின்ற அந்தச் சித்தியிடம் போய்ச் சொல்லுங்கள். அவர் வேறு யார் வழியாகவும் கேள்விப்படக் கூடாது.